ஒரு விநாடிப் பிடிப்பு: வாசகர் கேள்வி–பதில்

செல்லுக்குள் புரதங்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். ‘டொமைன்’ என்ற சொல் எல்லாப் பதில்களிலும் வரும். நீண்ட புரதச் சங்கிலியில் தானாகவே மடிந்து, வெட்டித் தனியே எடுத்தாலும் தன் வேலையைச் செய்யக்கூடிய பகுதிக்கு அந்தப் பெயர். இங்கே பேசுபவை 35 முதல் 120 அமினோ அமிலங்கள் வரை நீளமுள்ள சிறிய டொமைன்கள்.

கேள்வி: “வளர்ச்சிக் காரணி ஏற்பியைத் தொட்டதும் சமிக்ஞை செல்லுக்குள் கடத்தப்படுகிறது” என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. உள்ளே எதுதான் கடத்தப்படுகிறது? மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது?
— மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்

பதில்: உங்கள் மாணவர்கள் சரியான இடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் சில படிகளில் எந்தப் பொருளும் உள்ளே போவதில்லை. எந்தப் புரதம் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது மட்டும் மாறுகிறது. நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: ஈ.ஜி.எஃப். என்ற மேல்தோல் வளர்ச்சிக் காரணி.

ஈ.ஜி.எஃப். வெளியே வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. செல்லுக்குள் இருக்கும் அவற்றின் கைனேஸ் பகுதிகள் ஒன்று மற்றொன்றின் வாலில் உள்ள டைரோசின்கள் மீது பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அந்த நொடி வரை வழவழப்பாக இருந்த வாலில் இப்போது கொக்கிகள் முளைத்துவிட்டன. செல்லின் நீர்ப்பகுதியில் அலையும் க்ரப்2 என்ற 217 அமினோ அமிலப் புரதம் அந்தக் கொக்கியில் மாட்டுகிறது. க்ரப்2-க்கு என்சைம் வேலை எதுவும் தெரியாது. அதன் உடல் முழுவதும் மூன்று டொமைன்கள்தான்: நடுவில் ஓர் எஸ்.எச்.2, இரு பக்கமும் ஒவ்வோர் எஸ்.எச்.3. நடுவில் உள்ளது ஏற்பியின் பாஸ்போடைரோசினைப் பிடிக்கும். ஓரங்களில் உள்ளவை ‘சாஸ்’ என்ற புரதத்தின் புரோலின் நிறைந்த வாலைப் பிடித்திருக்கும்.

ஆகவே க்ரப்2 ஏற்பிக்கு வந்தால் சாஸும் கூடவே செல் சவ்வுக்கு வந்து சேரும். சவ்வின் உள்பக்கத்தில் ‘ராஸ்’ என்ற புரதம் ஏற்கெனவே நங்கூரமிட்டு உட்கார்ந்திருக்கிறது. சாஸ் பக்கத்தில் வந்ததும் ராஸிடமிருந்து பழைய இரட்டைப் பாஸ்பேட் குவானோசின் கழன்று, ஒரு பாஸ்பேட் கூடுதலான முப்பாஸ்பேட் குவானோசின் ஏறுகிறது. அதன்பின் ராஃப், மெக், எர்க் என்ற கைனேஸ் வரிசை எழுந்து, செய்தி செல்லின் உட்கருவுக்குப் போகிறது.

வகுப்பில் இப்படிச் சொல்லுங்கள்: சாஸும் ராஸும் முன்பும் அதே செல்லில்தான் இருந்தன, ஒன்று நீர்ப்பகுதியில் திரிந்தது, இன்னொன்று சவ்வில் கிடந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் நிற்கவைத்ததுதான் க்ரப்2 செய்த வேலை.

கேள்வி: எஸ்.எச்.2, எஸ்.எச்.3 இருக்கின்றன. எஸ்.எச்.1 எங்கே போனது?
— இளநிலை மாணவர்

பதில்: இருக்கிறது. கைனேஸ் பகுதியைத்தான் எஸ்.எச்.1 என்றார்கள், கைனேஸ் என்றே எல்லோரும் அழைப்பதால் அந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. ‘எஸ்.எச்.’ என்பது ‘சார்க்’ என்ற புற்றுநோய்ப் புரதத்தை ஒத்த பகுதி என்பதன் சுருக்கம். 1986-ல் டோனி பாசனின் குழு கனடாவில் ஃபூஜினாமி சார்கோமா வைரஸின் புரதத்தை ஆராய்ந்தபோது, கைனேஸுக்கு வெளியே சுமார் 100 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு பகுதி சார்க்கிலும் அதே வடிவில் இருப்பதைக் கண்டது. 1988-ல் ஹனஃபூசாவின் ஆய்வுக்கூடம் ‘க்ரக்’ என்ற வைரஸ் புரதத்தை விவரித்தது. அதில் கைனேஸே இல்லை; எஸ்.எச்.2, எஸ்.எச்.3 மட்டும்தான். ஆனாலும் அது செல்லைப் புற்றாக மாற்றியது. பிடிப்பது மட்டுமே ஒரு புரதத்தின் முழுநேர வேலையாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அதுதான் வலுவான தொடக்கம்.

கேள்வி: பாஸ்பேட் ஏறிய டைரோசினை எஸ்.எச்.2 எப்படி அடையாளம் காண்கிறது? செரினில் ஏறிய பாஸ்பேட்டை ஏன் பிடிப்பதில்லை?
— முதுகலை உயிர்வேதியியல் மாணவி

பதில்: இரண்டு ஓட்டைகள் உள்ள மின்சார சாக்கெட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எச்.2-ல் இரண்டு குழிகள் முக்கியம்.

முதல் குழி ஆழமானது. அதன் அடியில் ஓர் ஆர்ஜினின் நேர்மின்னூட்டத்தோடு காத்திருக்கிறது. ஏறக்குறைய எல்லா எஸ்.எச்.2-விலும் மாறாத அமினோ அமிலம் இது. சார்க்கில் 175-ஆம் இடம். பாஸ்பேட்டின் இரண்டு ஆக்ஸிஜன்களை இது இரு விரலால் கவ்வுவதுபோல் கவ்வுகிறது. டைரோசினின் பக்கச்சங்கிலியில் ஒரு வளையம் இருப்பதால் அது நீளமானது, பாஸ்பேட் குழியின் அடி வரை எட்டும். செரினின் பக்கச்சங்கிலி குட்டையானது. அதில் ஏறிய பாஸ்பேட் குழியின் வாயிலேயே நின்றுவிடும், ஆர்ஜினினுக்கு எட்டாது. ஆழம்தான் சல்லடை.

இரண்டாவது குழி, ஒவ்வோர் எஸ்.எச்.2-க்கும் தனி ருசியைக் கொடுப்பது. சார்க்கின் எஸ்.எச்.2, பாஸ்போடைரோசினிலிருந்து மூன்றாவது இடத்தில் ஐசோலூசின் இருந்தால் விரும்பும். அங்கே எண்ணெய்த்தன்மை கொண்ட குழி ஒன்று இருக்கிறது. பி.ஐ.3 கைனேஸின் எஸ்.எச்.2-க்கு அதே மூன்றாம் இடத்தில் மெத்தியோனின் வேண்டும். க்ரப்2 வேறு வகை. அதன் 121-ஆம் டிரிப்டோஃபேன் குறுக்கே நின்று பெப்டைடு, அதாவது பிடிபடும் சிறு புரதத் துண்டு, நேராக நீளும் வழியை மறிக்கிறது. அதனால் பெப்டைடு வளைந்துதான் உட்கார முடியும். அந்த வளைவுக்கு வாகாக இரண்டாம் இடத்தில் ஆஸ்பராஜின் இருக்க வேண்டும். ஒரே ஓர் அமினோ அமிலம் வழிமறித்ததால் விருப்பமே மாறிவிட்டது என்பது இந்தத் துறையில் நாம் மிகவும் ரசிக்கும் விவரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த டொமைனின் தொடக்கமும் முடிவும், பிடிக்கும் முகத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அருகருகே இருக்கின்றன. வேறொரு புரதத்தின் நடுவில் இதைச் செருகினாலும் இரண்டு பக்கமும் கலையாது. மனிதரில் சுமார் 110 புரதங்களில் ஏறக்குறைய 120 எஸ்.எச்.2-கள் பரவியிருப்பதற்கு இந்த அமைப்பு பெரிதும் துணை.

ஏற்பியின் டைரோசின் எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. க்ரப்2 பிடிக்கும் இடம் ஒரு கட்டுரையில் 1068 என்றும் இன்னொன்றில் 1092 என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான். புரதம் முதிரும்போது வெட்டப்படும் 24 அமினோ அமில முன்துண்டைச் சேர்த்து எண்ணினால் 1092, விட்டுவிட்டு எண்ணினால் 1068. ஆன்டிபாடி வாங்கும்போதும் மரபணுவில் மாற்றம் செய்யும்போதும் எந்த எண்முறை என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: இந்தப் பிணைப்புகள் பலவீனமானவை என்று படித்தேன். பலவீனமாக இருந்தால் தவறான ஆளைப் பிடித்துவிடாதா? இயற்கை ஏன் வலுவாக அமைக்கவில்லை?
— அறிவியல் வாசகர்

பதில்: எண்களைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். நல்ல ஜோடியாக இருந்தால், எஸ்.எச்.2-வும் பாஸ்போடைரோசின் பெப்டைடும் பாதிக்குப் பாதி சேர்ந்திருக்கத் தேவையான செறிவு, அதாவது பிரிகை மாறிலி, 0.1 முதல் 1 மைக்ரோமோலார் அளவில் இருக்கும். எஸ்.எச்.3-ம் புரோலின் துண்டும் சேர்வது இன்னும் தளர்வு. சில மைக்ரோமோலார் முதல் பல பத்து மைக்ரோமோலார் வரை போகும். ஆன்டிபாடிகள் பெரும்பாலும் நானோமோலாரில் பிடிப்பவை.

பிரிகை மாறிலி 0.5 மைக்ரோமோலார் என்றும், இரண்டும் சந்திக்கும் வேகம் ஒரு மோலாருக்கு விநாடிக்கு 10 லட்சம் என்றும் வைத்துக்கொண்டால், கழலும் வேகம் விநாடிக்கு 0.5. அதாவது பிடித்த ஜோடிகளில் பாதி 1.4 விநாடியில் விலகிவிடும். சந்திக்கும் வேகம் பத்து மடங்கு என்றால் 0.14 விநாடி.

இப்படி விலகுவது அவசியம். எஸ்.எச்.2 பிடித்திருக்கும் வரை பாஸ்பேட் மூடியிருக்கும். அதை நீக்கும் பாஸ்படேஸால் நெருங்க முடியாது. விட்டுவிட்டுப் பிடித்தால்தான் சமிக்ஞையை நிறுத்தவும் முடியும். 2012-ல் ஓர் எஸ்.எச்.2-வின் பாஸ்பேட் குழியில் மூன்று அமினோ அமிலங்களை மட்டும் மாற்றி, மிக இறுக்கமாகப் பிடிக்கும் வடிவத்தை உருவாக்கினார்கள். அதைச் செல்லுக்குள் வைத்தபோது ஈ.ஜி.எஃப். சமிக்ஞை வலுக்கவில்லை, அடங்கிப்போனது. எல்லாக் கொக்கியையும் அதுவே பிடித்துக்கொண்டு விடவில்லை.

துல்லியத்துக்குச் செல் வேறு வழி வைத்திருக்கிறது: இரண்டு தளர்ந்த பிடிகளைச் சேர்த்து ஒரு நல்ல பிடியாக்குவது. டி செல்களில் உள்ள ஜாப்-70 புரதத்தில் இரண்டு எஸ்.எச்.2-கள் அடுத்தடுத்து இருக்கின்றன. டி செல் ஏற்பியின் வாலில் இரண்டு டைரோசின்கள் குறிப்பிட்ட இடைவெளியில் இருக்கின்றன. இரண்டிலும் பாஸ்பேட் ஏறினால் மட்டுமே ஜாப்-70 நானோமோலார் வலுவில் உட்காரும். ஒன்றில் மட்டும் ஏறியிருந்தால் பிடி பல மடங்கு தளர்ந்துவிடும். தற்செயலாக ஒரு டைரோசினில் பாஸ்பேட் ஏறினால் நோயெதிர்ப்புச் செல் கொதித்தெழக் கூடாது அல்லவா? அந்தக் காவல் இங்கே இருக்கிறது.

கேள்வி: ஜி.எஸ்.டி.–எஸ்.எச்.2 வைத்துப் புல்டவுன் செய்கிறேன். ஒரு வாரம் ஒன்றுமே வரவில்லை. அடுத்த வாரம் வெறும் ஜி.எஸ்.டி.யிலும் எல்லாம் வருகிறது. எங்கே தவறு?
— ஆய்வு மாணவர்

பதில்: மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: புல்டவுன் என்பது, ஜி.எஸ்.டி. என்ற துணைப் புரதத்தோடு ஒட்டிய டொமைனைச் சிறு மணிகளில் மாட்டி, செல் சாற்றிலிருந்து அது பிடிப்பதை இழுத்தெடுக்கும் சோதனை. உங்கள் குறிப்பில் இரண்டு விவரங்கள் கண்ணில் பட்டன: ஒரு குழாய்க்கு 1 மைக்ரோகிராம் புரதம், பத்து பத்து நிமிடமாக ஐந்து முறை கழுவல். இரண்டுமே காரணம்.

முதலில் அளவு. ஜி.எஸ்.டி.–எஸ்.எச்.2-வின் எடை சுமார் 38 கிலோடால்டன். 500 மைக்ரோலிட்டரில் 1 மைக்ரோகிராம் போட்டால் செறிவு 0.05 மைக்ரோமோலார். பிரிகை மாறிலி 0.5 என்றால் இலக்கில் பத்தில் ஒரு பங்குகூடச் சரியாகச் சேராது. 10 மைக்ரோகிராம் போடுங்கள், 0.53 மைக்ரோமோலார், பாதி சேரும். எஸ்.எச்.3 வைத்துச் செய்தால், மாறிலி 10 மைக்ரோமோலார் என்று எடுத்துக்கொண்டால், அதே 10 மைக்ரோகிராமுக்கு 5 சதவீதம்தான் சேரும். அங்கே 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை போக வேண்டியிருக்கும்.

அடுத்து கழுவல். மேலே சொன்ன கணக்குப்படி ஜோடி ஒரு விநாடி அளவில் பிரிகிறது. அப்படியும் மணிகளில் ஏதாவது மிஞ்சுகிறது என்றால், 20 மைக்ரோலிட்டர் மணிகளுக்குள் உங்கள் புரதம் 13 மைக்ரோமோலார் அளவுக்கு நெருக்கமாக இருப்பதால்தான். கழன்றது வெளியேறும் முன் பக்கத்து எஸ்.எச்.2 பிடித்துக்கொள்கிறது. குழாயைப் பத்து நிமிடம் சுழலவிட்டால் கழன்றது வெளியேற நேரம் கொடுக்கிறீர்கள். 500 மைக்ரோலிட்டர் குளிர்ந்த பஃபரில் மூன்று முறை, கவிழ்த்து நிமிர்த்தி, சுழற்றி, உறிஞ்சி எடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

இனி முழு முறை. செல்களை 12 முதல் 16 மணி நேரம் சீரம் இல்லாமல் வையுங்கள். இல்லாவிட்டால் தூண்டாத செல்லிலேயே பாஸ்பேட் ஏறியிருக்கும், வித்தியாசம் தெரியாது. ஈ.ஜி.எஃப். ஒரு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், 37 டிகிரியில் 5 நிமிடம். உடனே தட்டைப் பனிக்கட்டி மேல் வைத்துக் குளிர்ந்த உப்புக் கரைசலால் அலசுங்கள். உடைக்கும் பஃபர்: 50 மில்லிமோலார் ட்ரிஸ் அல்லது ஹெப்பீஸ், பி.எச். 7.5, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 1 சதவீதம் ட்ரைட்டான், 10 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு, 1 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட், புரோட்டியேஸ் தடுப்பான். பாஸ்பேட் பஃபரில் உடைக்காதீர்கள். கரைசலில் உள்ள பாஸ்பேட்டும் அதே குழிக்குப் போட்டியிடும்.

ஒன்றுமே வராத வாரத்துக்கு நாங்கள் முதலில் சந்தேகிப்பது வனடேட்டைத்தான். பாட்டிலில் இருந்து எடுத்துக் கரைத்ததும் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் என்றால் பத்து வனடேட்கள் கூடிக் கட்டியாக இருக்கின்றன. டைரோசின் பாஸ்படேஸ்களை அது சரிவரத் தடுக்காது. 200 மில்லிமோலார் கரைசலின் பி.எச்.-ஐ 10-க்குக் கொண்டுவந்து, நிறம் போகும் வரை கொதிக்க வையுங்கள். ஆறியதும் பி.எச். மாறியிருக்கும், மீண்டும் 10-க்குக் கொண்டுவந்து மீண்டும் கொதிக்க வையுங்கள். நிறமில்லாமலே பி.எச். 10-ல் நிலைத்து நின்றால் தயார். சிறு சிறு குழாய்களாக மைனஸ் 20-ல் வையுங்கள். பஃபரில் ஈ.டி.டி.ஏ.வும் டி.டி.டி.யும் சேர்க்காதீர்கள், முன்னது வனடேட்டைப் பிடித்துவைத்துவிடும், பின்னது அதை ஒடுக்கிவிடும்.

500 மைக்ரோகிராம் முதல் 1 மில்லிகிராம் வரை செல் சாறு, 4 டிகிரியில் ஒரு மணி நேரம். இரவு முழுக்க விடுவதால் லாபமில்லை. ஒரு விநாடியில் பிரிந்து சேரும் ஜோடி சில நிமிடங்களில் சமநிலைக்கு வந்துவிடும். மீதி நேரமெல்லாம் பாஸ்படேஸுக்கும் கண்டதும் ஒட்டுவதற்கும்தான் உதவும். பிறகு மணிகளை எஸ்.டி.எஸ். கரைசலில் 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து ஜெல்லில் ஏற்றுங்கள்.

எல்லாமே ஒட்டிய வாரத்துக்கு: சாற்றை முதலில் அதிவேகத்தில் 15 நிமிடம் சுழற்றித் தெளிவை மட்டும் எடுத்தீர்களா? கலங்கல் மணிகளோடு சேர்ந்து இறங்கினால் வெறும் ஜி.எஸ்.டி.யிலும் பட்டை தெரியும். ஒப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. போடும்போது எடையைச் சமமாக்காமல் மூலக்கூறு எண்ணிக்கையைச் சமமாக்குங்கள்: 10 மைக்ரோகிராம் கலப்புப் புரதத்துக்கு 7 மைக்ரோகிராம் ஜி.எஸ்.டி. போதும். அதைவிட நல்ல ஒப்பீடு, குழியின் ஆர்ஜினினை லைசினாக மாற்றிய எஸ்.எச்.2. அது அதேபோல மடியும், பாஸ்போடைரோசினை மட்டும் பிடிக்காது. ஆகவே ஆறு வரிசைகள்: ஜி.எஸ்.டி., சரியான எஸ்.எச்.2, மாற்றிய எஸ்.எச்.2, ஒவ்வொன்றும் ஈ.ஜி.எஃப். உடனும் இல்லாமலும். சரியான எஸ்.எச்.2-வில், தூண்டிய செல்லில் மட்டும் 170–180 கிலோடால்டனில் ஏற்பி தெரிய வேண்டும்.

ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றிய பிளாட்டில் பாஸ்போடைரோசின் ஆன்டிபாடி போடுவதாக இருந்தால், சவ்வின் வெற்றிடங்களைப் பால்பொடியால் மறைக்காதீர்கள். பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். 3 முதல் 5 சதவீதம் பி.எஸ்.ஏ. (மாட்டு சீரம் ஆல்புமின்) போதும்.

கடைசியாக ஒன்று. புல்டவுனில் வந்தது எல்லாம் நேரடியாகப் பிடித்தது ஆகிவிடாது. க்ரப்2-வின் எஸ்.எச்.2, ‘ஷிக்’ என்ற புரதத்தைப் பிடித்து, அது இழுத்துவந்த இன்னொன்றை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். நேரடியா என்று தெரிய, சாற்றை ஜெல்லில் பிரித்துச் சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் உங்கள் எஸ்.எச்.2-வை ஆன்டிபாடிபோல ஊற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஜோடிக்கு ஒரு கட்டுரையில் 5 நானோமோலார், இன்னொன்றில் 500 நானோமோலார் என்று இருக்கிறது. எதை நம்புவது?
— ஆய்வு மாணவி

பதில்: 5 என்ற எண் ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து, பெப்டைடைத் தட்டிலோ சிப்பிலோ ஒட்டி அளந்ததா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. இயல்பாகவே இரண்டிரண்டாகச் சேரும். அப்போது ஒரே நேரத்தில் இரண்டு எஸ்.எச்.2-கள் பக்கத்துப் பக்கத்துப் பெப்டைடுகளைப் பிடிக்கும். ஒன்று கழன்றாலும் மற்றது விடாது. அளவீட்டில் தெரிவது அந்த இரட்டைக் கையின் வலு. ஜி.எஸ்.டி.யை வெட்டி நீக்கி, தனி டொமைனைக் கரைசலிலேயே அளந்த எண்ணை நம்புங்கள். ஃபுளோரசன்ஸ் போலரைசேஷன் முறையில் என்றால், ஒளிரும் பெப்டைடு 5 முதல் 10 நானோமோலார். புரதம், எதிர்பார்க்கும் மாறிலிக்குப் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்து மடங்கு வரை. வளைவு மேலே தட்டையாகும் வரை போகாமல் பாதியில் நிறுத்தி மாறிலியைக் கணித்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கேள்வி: பாஸ்பேட் ஏறியதுபோல் இருக்கட்டும் என்று டைரோசினை குளுட்டாமேட்டாக மாற்றினேன். எஸ்.எச்.2 திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
— ஆய்வு மாணவர்

பதில்: பார்க்காது. குளுட்டாமேட்டில் வளையம் இல்லை, நீளம் போதாது, எதிர்மின்னூட்டமும் ஒன்றுதான். பாஸ்பேட்டில் ஏறக்குறைய இரண்டு. செரின், திரியோனின் விஷயத்தில் இந்தத் தந்திரம் சில சமயம் பலிக்கும், அதுவும் மின்னூட்டம் மட்டுமே போதுமான இடங்களில். பிடிக்கும் டொமைனை ஏமாற்ற இது உதவாது. பாஸ்போடைரோசினோடு செயற்கையாகத் தயாரித்த பெப்டைடைப் பயன்படுத்துங்கள். செல்லுக்குள் சோதிப்பதாக இருந்தால் எதிர்வழியில் போங்கள்: டைரோசினை ஃபினைல்அலனினாக மாற்றி, பிடிப்பு போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் சவ்வுப் புரதத்தின் கடைசியில் ஜி.எஃப்.பி. சேர்த்ததும், அது இருக்கவேண்டிய இடத்தை விட்டுச் செல் முழுக்கச் சிதறிவிட்டது. ஜி.எஃப்.பி. நச்சா?
— ஆய்வு மாணவி

பதில்: ஜி.எஃப்.பி. என்ற பச்சையாக ஒளிரும் அடையாளப் புரதம் நச்சு இல்லை, அதை ஒட்டிய இடம்தான் தவறு. நீங்கள் அனுப்பிய வரிசையின் கடைசி நான்கு அமினோ அமிலங்கள் குளுட்டாமேட், திரியோனின், குளுட்டமின், வேலின். இது பி.டி.இசட். டொமைன் பிடிக்கும் வாலுக்கே உரிய முத்திரை: கடைசியில் எண்ணெய்த்தன்மையுள்ள ஒன்று, அதிலிருந்து இரண்டு இடம் முன்னால் செரின் அல்லது திரியோனின்.

சுமார் 90 அமினோ அமிலம் நீளமுள்ள பி.டி.இசட்., புரதம் முடியும் அந்த நுனியையே பிடிக்கிறது. சங்கிலியின் கடைசிக் கார்பாக்ஸில் தொகுதியை ஒரு வளைவு கவ்விக்கொள்ள, கடைசிப் பக்கச்சங்கிலி குழிக்குள் அமர்கிறது. அதற்குப் பின்னால் 238 அமினோ அமில ஜி.எஃப்.பி.யை ஒட்டினால் நுனி என்பதே இல்லை. நுனிக்குப் பின் ஒரே ஓர் அலனினைச் சேர்த்தாலும் இதே கதிதான்.

டேக்கை முன்பக்கம் கொண்டுபோங்கள். முன்பக்கம் சிக்னல் பெப்டைடு இருந்தால் அது வெட்டப்படும் இடத்துக்குப் பின்னால் செருகுங்கள். மாற்றிய பிறகும் ஒன்றைச் சரிபாருங்கள்: நிறுத்தக் கோடான் உங்கள் வரிசையிலேயே இருக்கிறதா? வெக்டரின் ஹிஸ்டிடின் டேக்கோ வேறு ஒட்டுத் துண்டோ தொடர்ந்து படிக்கப்பட்டால் அதே சிக்கல் திரும்ப வரும். பி.டி.இசட்.தான் காரணம் என்று நிரூபிக்க, கடைசி மூன்று அமினோ அமிலங்களை நீக்கிய வடிவம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பி.எச். டொமைன் என்பது அமிலத்தன்மையை உணர்வதா?
— இளநிலை மாணவி

பதில்: இல்லை, எழுத்துகள்தான் ஒன்று. இரத்தத் தட்டணுக்களில் உள்ள பிளெக்ஸ்ட்ரின் புரதத்தில் முதலில் தெரிந்ததால் வந்த பெயர். சுமார் 100 முதல் 120 அமினோ அமிலம். இவற்றில் நன்கு அறியப்பட்டவை செல் சவ்வின் பாஸ்போஇனோசிட்டைடு கொழுப்புகளைப் பிடிக்கின்றன. பி.ஐ.3 கைனேஸ் சவ்வில் மூன்று பாஸ்பேட் ஏறிய கொழுப்பைத் தயாரித்ததும், ஆக்ட் என்ற கைனேஸ் தன் பி.எச். டொமைனால் அங்கே போய் ஒட்டும். ஆக்ட்1-ன் 17-ஆம் குளுட்டாமேட் லைசினாக மாறினால், அழைப்பு இல்லாமலே சவ்வில் ஒட்டிக்கொள்ளும். இந்த மாற்றம் மார்பகம் உள்ளிட்ட சில புற்றுகளில் இருப்பது 2007-ல் தெரியவந்தது.

கேள்வி: எங்கள் புரதத்தில் ‘புரோலின்–ஏதோ–ஏதோ–புரோலின்’ நான்கு இடங்களில் இருக்கிறது. நான்கிலும் எஸ்.எச்.3 ஒட்டும் என்று எழுதலாமா?
— ஆய்வு மாணவர்

பதில்: எழுதாதீர்கள். புரதங்களில் புரோலின் சுமார் 6 சதவீதம். குறிப்பிட்ட இரண்டு இடங்களிலும் புரோலின் தற்செயலாக அமைய 280-க்கு ஒரு வாய்ப்பு. உங்கள் புரதம் 1,100 அமினோ அமிலம். நான்கு என்பது வெறும் தற்செயலே தரக்கூடிய எண்ணிக்கை.

முதலில், முதல் புரோலினுக்கு மூன்று இடம் முன்னாலோ, கடைசிப் புரோலினுக்கு இரண்டு இடம் பின்னாலோ ஆர்ஜினின் அல்லது லைசின் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான எஸ்.எச்.3-கள் அந்த நேர்மின்னூட்டத்தை எதிர்பார்க்கும். எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெப்டைடு வலமோ இடமோ திரும்பிப் படுக்கும். அடுத்து, புரத மடிப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளின் மாதிரியில் அந்த இடத்தைத் தேடுங்கள். மடிப்புக்குள் புதைந்திருந்தால் விட்டுவிடுங்கள். மடியாமல் வெளியே தொங்கும் பகுதியில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எலி, கோழி, மீன் வரிசைகளை அடுக்குங்கள். சுற்றியுள்ளவை மாறியும் இந்த ஆறேழு எழுத்துகள் மட்டும் மாறாமல் இருந்தால் அது பேசத் தகுந்த இடம். இந்த வடிகட்டலில் நான்கில் ஒன்று மிஞ்சினாலே நல்லது.

கேள்வி: ‘லிடில் நோய்’ உள்ள குடும்பத்தில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் கூடியிருந்தது. ஸ்பைரோனோலாக்டோன் கேட்கவில்லை, அமிலோரைடு கேட்டது. இதற்கும் டொமைன்களுக்கும் தொடர்பு உண்டாமே?
— சிறுநீரகப் பிரிவுச் செவிலியர்

பதில்: நேரடித் தொடர்பு. சிறுநீரகக் குழல் செல்களின் சவ்வில் சோடியத்தை உள்ளே எடுக்கும் வாய்க்கால் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் அதைச் சவ்விலிருந்து இறக்கிவிட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நெட்4-2 என்ற புரதத்தில் நான்கு டபிள்யூ.டபிள்யூ. டொமைன்கள் உள்ளன. இவை மிகச் சிறியவை, 35 முதல் 40 அமினோ அமிலம். இரண்டு டிரிப்டோஃபேன்கள் இருப்பதால் இந்தப் பெயர். வாய்க்காலின் வாலில் உள்ள ‘புரோலின்–புரோலின்–ஏதோ–டைரோசின்’ என்ற துண்டை இவை பிடித்ததும், நெட்4-2 வாய்க்கால் மீது யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஏற்றுகிறது. அந்த முத்திரை விழுந்த வாய்க்கால் உள்ளே இழுக்கப்படும்.

1963-ல் லிடில் விவரித்த இந்த நோயில், வாய்க்காலின் பீட்டா அல்லது காமா துணைப்பகுதியில் அந்தத் துண்டு அறுபட்டோ மாறியோ போயிருக்கும். பிடிக்க இடமில்லை, வாய்க்கால்கள் சவ்வில் குவிந்துகிடக்கும். சோடியமும் நீரும் உடலில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். ஆல்டோஸ்டீரான் அதிகமாக இருப்பதுபோல் எல்லாம் தெரியும். அளந்தால் ரெனினும் ஆல்டோஸ்டீரானும் குறைவாக இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் தடுப்பது ஆல்டோஸ்டீரானின் ஏற்பியை. இங்கே தவறு அங்கே இல்லை. அமிலோரைடும் ட்ரையாம்டெரீனும் வாய்க்காலின் வாயையே அடைக்கின்றன. இது பாதிக்கப்பட்ட பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்புள்ள நோய் என்பதால், சிறு வயதிலேயே அழுத்தம் கூடியவர்களின் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு தெரிந்தும் எஸ்.எச்.2-வை அடைக்கும் மாத்திரை ஏன் கடைக்கு வரவில்லை?
— மருந்தியல் மாணவர்

பதில்: குழி விரும்புவது பாஸ்பேட்டை. அதைப் போலவே இரட்டை எதிர்மின்னூட்டத்தோடு மருந்து செய்தால் செல் சவ்வைத் தாண்டாது. தாண்டினாலும் பாஸ்படேஸ் கடித்துவிடும். மின்னூட்டத்தைக் குறைத்தால் குழி பிடிக்காது. 1990-களிலிருந்து பலர் முட்டி நின்ற சுவர் இது.

சுற்றுவழி ஒன்று கிடைத்தது. எஸ்.எச்.பி.2 என்ற பாஸ்படேஸில் முதல் எஸ்.எச்.2 தன் சொந்த என்சைம் வாயையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாஸ்போடைரோசின் வந்து அழைத்தால் எழுந்து வழிவிடும். நூனன் குறைபாடு என்ற பிறவி நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் புரதத்தின் மரபணுவில் மாற்றம் உண்டு. அந்த மாற்றங்களில் பல, அடைப்பைத் தளர்த்துபவை. 2016-ல் வெளியான எஸ்.எச்.பி.099 என்ற மூலக்கூறு பாஸ்பேட் குழிப் பக்கமே போவதில்லை. இரண்டு எஸ்.எச்.2-களும் என்சைமும் கூடும் இடுக்கில் பசைபோல நுழைந்து, அடைத்த நிலையிலேயே பூட்டிவைக்கிறது. இதே வழியில் வந்த மூலக்கூறுகள் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.

பி.டி.இசட். பக்கம் நெரினெடைடு என்ற 20 அமினோ அமிலப் பெப்டைடு மனிதரில் பெரிய சோதனை வரை போனது. பக்கவாதத்தின்போது நரம்புச் செல்லின் பி.எஸ்.டி.-95 புரதம் என்.எம்.டி.ஏ. ஏற்பியின் வாலைப் பிடித்திருப்பதைக் கலைப்பது இதன் நோக்கம். 2020-ல் வெளியான முடிவில் நோயாளிகளை மொத்தமாகப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் பெறாதவர்களைத் தனியே பார்த்தபோது பலன் இருப்பதாகத் தெரிந்தது. அல்டிபிளேஸ் உடலில் பிளாஸ்மினை எழுப்புகிறது. பிளாஸ்மின் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும். பெப்டைடைச் செல்லுக்குள் நுழையவைக்க முன்பக்கம் ஒட்டிய துண்டோ, லைசினும் ஆர்ஜினினும் அடுக்கடுக்காக நிறைந்தது.